உறவு: முகம்

நீச்சல் டீச்சரின் முகத்தில் ஊர் உலகத்தில் மற்றவர்களுக்கு இருப்பதைவிட நாற்பத்து மூன்று எலும்புகள் அதிகம். இந்தக் கணக்கை எடுத்தவர் டாக்டர் இல்லை, டீச்சரின் கணவர். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். கடுகில் பாதி அளவுத் திருகாணி கீழே விழுந்தால்கூட வீட்டையே சல்லடை போட்டுத் தேடி எடுக்கிற ஆள். மனைவியின் கன்னத்திலும் நெற்றியிலும் தோலுக்கு அடியில் என்னவோ மணல் மாதிரி நெருடுகிறது என்று தெரிந்ததும், அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஒற்றைக்கண் லென்ஸை மாட்டிக்கொண்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"அசையாத. முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது... சிரிக்காதம்மா, மறுபடி முதல்லேர்ந்து எண்ண வேண்டியிருக்கும்."

"வலியும் இல்ல, அரிப்பும் இல்ல. மூணு வருஷமா இப்படியேதான் இருக்கு. விடுங்க."

டீச்சர் விட்டிருப்பார். விடாமல் பிடித்துக்கொண்டது நகராட்சி நீச்சல் குளத்தின் விதிப்பலகை. பதினாலு விதிகள். மேனேஜர் தன் கையாலேயே எழுதி, வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார். பெற்ற பிள்ளையின் முகத்தை அவர் அத்தனை அக்கறையாகத் துடைத்தாரா என்பது சந்தேகம்தான். நாலாவது விதி, தோல் நோய் உள்ளவர்கள் நீரில் இறங்கக் கூடாது என்றது. ஒன்பதாவது விதி, ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் இறங்க வேண்டும் என்றது. அந்தக் 'கட்டாயம்' மட்டும் சிவப்பு மையில் இருந்தது. ஒரு நாள் காலை, குளிக்க வந்த யாரோ ஒருவர் டீச்சரின் கன்னத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மேனேஜரிடம் போய் நாலாவது விதியைச் சுட்டிக்காட்டினார்.

"எனக்கு உங்க மேல சந்தேகமே இல்ல டீச்சர்," என்றார் மேனேஜர். அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "ஆனா பலகைக்கு இருக்கு. இது யாருக்கும் ஒட்டாதுன்னு பெரிய ஆஸ்பத்திரியில ஒரே ஒரு வரி எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. தொண்ணூறு நாள் டைம். அதுக்குள்ள வரலைன்னா உங்க இடத்துக்கு வேற ஆளப் போட்டுடுவாங்க. நானே இறங்கச் சொன்னாலும் பலகை விடாது."

ஒரு வரிதானே என்று டீச்சர் நினைத்தார். பாவம், அவர் தண்ணீரிலேயே வளர்ந்தவர். ஆபீஸ் ஆழம் தெரியாது.

அவருக்குக் கவலையெல்லாம் ஆறு மணி வகுப்பைப் பற்றித்தான். ஏழு பெண்கள், ஏழு பேருக்கும் மூட்டுவலி. எட்டு மாதத்தில் ஆறு பேர் ஓரத்துக் கம்பியை விட்டுவிட்டு மிதக்கத் தொடங்கியிருந்தார்கள். ஏழாவது தையல்காரம்மா. தண்ணீரில் இறங்கியதும் அவர் கம்பியைப் பிடிக்கிற பிடி, இரும்பே வலிக்கிறது என்று சொல்லிவிடும் போலிருக்கும். போன வாரம்தான் முதல்முறையாக ஒரு கையை எடுத்திருந்தார்.

"நீங்க திரும்பி வர்ற வரைக்கும் இந்த இன்னொரு கையை எடுக்க மாட்டேன் டீச்சர். சொல்லிட்டேன்," என்றார் தையல்காரம்மா. அதை ஆறுதலாகச் சொன்னாரா மிரட்டலாகச் சொன்னாரா என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில், தலைவர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஆள் கெட்டிக்காரர். கன்னத்தை விரலால் நிமிண்டினார், ஒரு எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகமெங்கும் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள்.

"சின்ன வயசுல நிறைய முகப்பரு இருந்துதா?"

"ஆமாங்க."

"அது ஆறின இடத்துல, ரொம்ப ரொம்ப அபூர்வமா, தோலுக்குள்ளயே குட்டிக் குட்டியா எலும்பு உண்டாகும். தீங்கு கிடையாது. வேணாம்னா ஊசியால நெம்பி எடுத்துடலாம். இருந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"ஒட்டுமா சார்?"

"எலும்பு எப்படிங்க ஒட்டும்?" என்று தலைவர் சிரித்தார். சுற்றி நின்ற பதினோரு மாணவர்களும் அவர் சிரித்து முடிக்கும்வரை சிரித்தார்கள்.

"அதை ஒரு வரி எழுதித் தந்தீங்கன்னா..."

சிரிப்பு நின்றது. தலைவர் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், ஒரு நிமிடம் யோசித்தார், திரும்ப மூடினார். "எலும்புன்னு நான் எப்படி எழுதறது? நான் தோல். நான் எலும்புன்னு எழுதினா எலும்புப் பிரிவு சும்மா இருக்குமா? நான் முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன் அம்மா. மேலோட்டமாப் பாக்கறதுதான் எங்க வேலை. ஆழமாப் போறது எங்க வழக்கமில்ல."

எலும்புப் பிரிவு எதிர்க் கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. கால் ஒடிந்தவர்கள் வசதியாக வந்துபோகட்டும் என்று அங்கே வைத்திருந்தார்கள் போலும். அதன் தலைவரும் படத்தைப் பார்த்தார், தொட்டும் பார்த்தார், இது எவருக்கும் ஒட்டாது என்று அடித்துச் சொன்னார். எழுதுவது என்று வந்ததும் அவருக்கும் முகம் மாறியது.

"எந்த எலும்பும்மா இது?"

"கன்னத்துல இருக்கறதுங்க."

"இடம் கேக்கல, பேரு கேக்கறேன். எலும்புன்னா பேரு இருக்கணும். மனுஷ உடம்புல இருநூத்தி ஆறு எலும்பு. ஒவ்வொண்ணையும் எனக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். இந்த நாப்பத்து மூணும் யாரு? எங்க வழியா வராம தோல் வழியா வந்துட்டு, இப்போ நாங்களும் எலும்புன்னா நான் கையெழுத்துப் போட முடியுமா? நாளைக்குத் தலைமுடி வந்து நிக்கும், நானும் எலும்புதான்னு." அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் தணிந்தார். "முதல்ல போய்ப் பதிவு பண்ணிட்டு வாங்க. பதிவான எலும்புன்னா நான் மறுக்க மாட்டேன்."

இப்படிச் சொல்லி அனுப்பி, அங்கே போனால் இங்கே, இங்கே வந்தால் அங்கே என்று பந்தாடி நாற்பத்தொரு நாள் ஓடியது. வாசல் காவலாளி, படம் எடுத்தவர், தரை துடைக்கிற அம்மா, எல்லாரும் டீச்சரைப் பார்த்து அன்பாக "இது ஒட்டாதுங்க" என்று சொன்னார்கள். அந்தக் கட்டடத்தில் அது தெரியாத ஒரு ஜீவன் இல்லை. எழுதித் தர ஒரு ஜீவனும் இல்லை.

நாற்பத்திரண்டாம் நாள் பதிவு ஜன்னலில் டீச்சரின் முறை வந்தது. உள்ளே இருந்த பதிவம்மா நல்ல மாதிரி. அவருக்குக் கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் சரி. விவரம் கேட்டுத் தட்டினார். திரை சிவந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் சிவந்தது.

"இருநூத்தி நாப்பத்தொம்பது எலும்பு எடுத்துக்க மாட்டேங்குதுங்க. ஒரு ஆளுக்கு இருநூத்தி ஆறுதான்."

"எனக்கு இருக்கே அம்மா."

"இருக்கலாங்க. ஆனா மிச்ச நாப்பத்து மூணு உங்களோடதா இருக்க வாய்ப்பில்ல. வேற ஆளோடதா இருக்கணும்." பதிவம்மாவின் முகம் தெளிந்தது. "கவலைப்படாதீங்க, அவருக்குத் தனியா ஒரு அட்டை போட்டுடலாம். பேரு என்ன?"

டீச்சர் விழித்தார். பின்னால் வரிசையில் ஐம்பது பேர் நின்று முணுமுணுத்தார்கள்.

"பேரெல்லாம் இல்லீங்க."

"பெயரிடப்படவில்லை," என்று தட்டினார் பதிவம்மா. "வயசு?"

"வயசா? வந்து மூணு வருஷம் ஆச்சு."

"மூணு. கூட வந்திருக்கறது நீங்கதானே? அவருக்கு நீங்க என்ன உறவு? அம்மா, அத்தை, சித்தி, எதாவது சொல்லுங்க. காலியா விட்டா நகராது."

டீச்சர் நேர்மையானவர். பொய் சொல்லி வழக்கமில்லை. கொஞ்சம் யோசித்து, "நான் அதோட முகம்," என்றார்.

பதிவம்மா கண்ணை இமைக்கக்கூட இல்லை. 'உறவு: முகம்' என்று தட்டினார். திரை பச்சையானது. இரண்டு அட்டைகள் வெளியே வந்தன. ஒன்று நீச்சல் டீச்சருக்கு. இன்னொன்று பெயரிடப்படாத, மூன்று வயதுள்ள, நாற்பத்து மூன்று எலும்புகள் மட்டுமே கொண்ட ஒரு நோயாளிக்கு. 'குறைவாக உள்ள எலும்புகள்: நூற்று அறுபத்து மூன்று' என்று அந்த அட்டையில் அடிக்குறிப்பு வேறு.

அன்றைக்கு வீட்டில் கடிகாரக்காரர் அந்த அட்டையை லென்ஸ் வைத்து நெடுநேரம் படித்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், பிள்ளை இல்லை. முதலில் சிரித்தார். பிறகு அட்டையை மடங்காமல், திருகாணிகள் போட்டு வைக்கிற கண்ணாடிக் குடுவைக்குப் பின்னால் செருகி வைத்தார். "எப்படியோ, வீட்டுக்கு ஒண்ணு வந்துடுச்சு," என்றார். டீச்சர் தலையணையை எடுத்து அவர் மேல் வீசினார்.

இரண்டு அட்டை ஆனதும் சிக்கல் இரட்டிப்பானது. விஷயம் கண்காணிப்பாளர் வரைக்கும் போய், கூட்டுக் கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. நீள மேசை. ஒரு பக்கம் தோல், மறுபக்கம் எலும்பு, நடுவில் கண்காணிப்பாளர், மேசையின் கடைசியில் டீச்சர். அவர் பக்கத்தில் மூன்று வயது நோயாளிக்கென்று ஒரு காலி நாற்காலியும், அதன் முன்னால் ஒரு தண்ணீர் கிளாஸும்.

தோல் தலைவர் ஸ்கேலோடு வந்திருந்தார். "மேல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் வரைக்கும் எங்க எல்லை. அதுக்குக் கீழ யார் இருந்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

"எல்லைய பத்திப் பேச வேணாம்," என்றார் எலும்புத் தலைவர். "எங்க எலும்பு உங்க எல்லைக்குள்ள அனுமதி இல்லாம இருக்குன்னா, அதுக்கு நாங்க வருத்தம் தெரிவிக்கத் தயார். பொறுப்பு ஏத்துக்கத் தயாரில்ல. நோயாளி முக்கியமில்லன்னு சொல்லல. ஆனா நோயாளி இன்னைக்கு வருவாங்க, நாளைக்குப் போவாங்க. பிரிவு நிரந்தரம்."

டீச்சர் கையைத் தூக்கினார். "சார், உங்க ரெண்டு பேருக்குமே இது ஒட்டாதுன்னு தெரியும். யாராவது ஒருத்தர் ஒரு வரி... எனக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. எனக்கு வேற வேலை தெரியாது சார். நான் தண்ணியத் தொட்டு ரெண்டரை மாசம் ஆகுது." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அதற்காக அவருக்கே அவர் மேல் கோபம் வந்தது.

கண்காணிப்பாளர் கனிவாகத் தலையசைத்தார். "உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த ஆஸ்பத்திரி ஆரம்பிச்சு அறுபது வருஷமாச்சு. இதுவரைக்கும் இங்க யாரும் ஒரு வரி தப்பா எழுதினதில்ல. ஏன்? யாரும் எழுதினதில்ல. அந்தப் பெருமையை ஒரே நாள்ல விட்டுக்குடுக்க முடியுமா?"

இரு பக்கமும் மேசையைத் தட்டினார்கள். பெரிய நோயாளியான டீச்சரின் கோப்பைத் துணைக்குழுவுக்கு அனுப்புவது என்று தீர்மானம் ஆனது. எல்லாரும் எழுந்த பிறகுதான் கண்காணிப்பாளருக்கு இன்னொரு அட்டை ஞாபகம் வந்தது.

"அந்தச் சின்ன நோயாளி? மூணு வயசா? அடடா. அஞ்சு வயசுக்குக் கீழ இருந்தா ஏழு நாளைக்குள்ள குழந்தைகள் பிரிவுல பாத்தாகணும். அதுல தாமதம் ஆச்சுன்னா என் தலை உருளும். முதல்ல கூட்டிட்டுப் போங்க."

டீச்சர் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு, தன்னையே நொந்துகொண்டு, கன்னத்தைக் கூட்டிக்கொண்டு போனார்.

குழந்தைகள் பிரிவு நர்ஸ் எடை மெஷினை இழுத்துப் போட்டார். "குழந்தையோட ஏறுங்க." அறுபத்திரண்டு கிலோ. "இப்போ குழந்தையைக் கீழ வெச்சுட்டு நீங்க மட்டும் ஏறுங்க."

"கீழ வைக்க முடியாதுங்க."

"அம்மாவை விட்டு இறங்காதா? சரி, அழவெக்க வேண்டாம், அப்படியே ஏறுங்க." மறுபடியும் அறுபத்திரண்டு. நர்ஸ் கழித்துப் பார்த்தார். பென்சிலைக் கடித்தார். 'எடை கூடவில்லை' என்று எழுதி, டானிக் இரண்டு பாட்டில் குறித்தார்.

உள்ளே இருந்த குழந்தை டாக்டர் அன்றைக்குக் காலையிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளைப் பார்த்திருந்தார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். மேசையில் அச்சடித்த சான்றிதழ்க் கட்டு மலை போல இருந்தது. அவர் அட்டையைப் பார்த்தார், டீச்சரின் முகத்தைப் பார்த்தார், கன்னத்தை ஒருமுறை வருடினார்.

"இதுவா?"

"இதுதாங்க."

"சாப்பிடுதா?"

"நான் சாப்பிட்டாச் சரிங்க."

"ஒட்டற நோய் ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டர், தனக்குத்தானே. ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி, மூச்சுவிடுகிற நேரத்தில் குத்திவிட்டார். 'இக்குழந்தைக்குத் தொற்றுநோய் எதுவும் இல்லை. பள்ளி செல்லலாம், விளையாடலாம், நீந்தலாம்.' கீழே கையெழுத்து. எண்பத்தைந்து நாளாகத் தோலும் எலும்பும் சேர்ந்து எழுத முடியாத வரி, இங்கே ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கிடந்தது.

தொண்ணூறாம் நாள் காலை ஆறு மணிக்கு மேனேஜர் அந்தச் சான்றிதழையும் கூடவே இருந்த அட்டையையும் மூன்று தடவை படித்தார். ஏழு பெண்களும் நீச்சல் உடையில் நடுங்கிக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

"டீச்சர், இது குழந்தைக்கு."

"ஆமாங்க. என் முகத்துல இருக்கற குழந்தைக்கு."

"அப்போ குழந்தை தாராளமா இறங்கலாம். நீங்க கூடாது. நாலாவது விதி."

"அதுக்கு ஒட்டாதுன்னா எனக்கும் ஒட்டாதுதானே?"

"அது குழந்தையப் பத்தி எழுதினது டீச்சர். உங்களப் பத்தி எதுவும் எழுதலையே." மேனேஜர் அதைச் சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அப்போது தையல்காரம்மா நகர்ந்து வந்து பலகையின் முன்னால் நின்றார். அளவெடுக்கிறவர் பார்வை, எதையும் விடாது. "மேனேஜர் சார், குழந்தைக்கு மூணு வயசுன்னு அட்டையில இருக்கு. ஒம்பதாவது விதி என்ன சொல்லுது?"

மேனேஜர் பலகைக்குப் போனார். நாலாவது விதியில் ஒரு விரலையும் ஒன்பதாவது விதியில் ஒரு விரலையும் வைத்துக்கொண்டு நின்றார். உதடுகள் மட்டும் அசைந்தன. அவர் வாழ்க்கையில் பலகை இரண்டாகப் பிளந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"நாலாவது விதிப்படி நீங்க இறங்கக் கூடாது," என்றார் கடைசியில். "ஒம்பதாவது விதிப்படி நீங்க இறங்கியே ஆகணும். 'கூடாது' கறுப்பு மை. 'கட்டாயம்' சிவப்பு." அவர் நிமிர்ந்தார். "சிவப்பு பெருசு. இறங்குங்க டீச்சர். ஆனா துணையாளாத்தான்."

"துணையாள் பாடம் நடத்தலாமா?"

"நடத்தக் கூடாதுன்னு பலகையில இல்ல."

வருகைப் பதிவேட்டில் 'பெயரிடப்படாத குழந்தை, துணையாள் நீச்சல் டீச்சர்' என்று ஏறியது. டீச்சர் படியில் இறங்கித் தலை மறையும்வரை முழுகினார். தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். வெளியே வந்தபோது முகமெல்லாம் ஈரமாக இருந்ததால், அழுதாரா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும், அழுதார்.

அதற்குப் பத்து நாள் கழித்துத் துணைக்குழுவின் கடிதம் வந்தது. கடிகாரக்காரர் அதை வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டுக் குளத்துக்கே ஓடி வந்தார். டீச்சர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, உள்ளங்கையில் தையல்காரம்மாவின் முதுகைத் தாங்கியிருந்தார். தையல்காரம்மாவின் இரண்டு கையும் கம்பியில் இல்லை. கண்ணை மட்டும் இறுக மூடியிருந்தார்.

கடிகாரக்காரர் கரையில் நின்றே சத்தமாகப் படித்தார். "'மேற்படி நோயாளிக்கு நோய் எதுவும் இல்லை என்று குழு ஒருமனதாக முடிவு செய்கிறது. நோய் இல்லாதவர் நோயாளி ஆக மாட்டார். நோயாளி அல்லாதவருக்குச் சான்றிதழ் வழங்க விதியில் இடமில்லை.'"

"அவ்வளவுதானா?"

"இன்னும் இருக்கு. 'எனினும், மனிதாபிமான அடிப்படையில், தோல், எலும்பு ஆகிய இரு பிரிவுகளும் முதன்முறையாகக் கைகோத்து, நாற்பத்து மூன்றையும் ஒரே நாளில் ஊசியால் அகற்றித் தரும். தழும்பு தெரியாது. வரும் திங்கட்கிழமை வரவும்.'" அவர் நிமிர்ந்தார். "போலாமாம்மா? வலிக்காதாம். முகம் பழையபடி ஆயிடும்."

பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த மேனேஜர் துணியோடு திரும்பினார். "எடுத்துட்டா குழந்தை இல்ல," என்றார் மெதுவாக. "குழந்தை இல்லன்னா துணையாளும் இல்ல. அப்புறம் நாலாவது விதிக்கு நீங்க மறுபடி முதல்லேர்ந்து ஒரு வரி வாங்கிட்டு வரணும் டீச்சர். நோய் போயிடுச்சுன்னு."

தையல்காரம்மா கண்ணைத் திறக்காமலே, "டீச்சர், கையை எடுத்துடாதீங்க," என்றார்.

டீச்சர் ஈரக் கையால் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றுகூடக் குறையாமல் எல்லாம் அங்கேயே நெருடின.

"போய்ச் சொல்லிடுங்க," என்றார் கணவரிடம். "அதுக்கு அஞ்சு வயசு ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அது வரைக்கும் குழந்தையத் தனியா விட்டுட்டு நான் எங்கயும் வர்றதா இல்ல."